பினாங்கில் தானாக முளைத்த கீரையைப் பறித்துச் சாப்பிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டின் பின்சந்திலோ பாலிக் பூலாவ் பக்கத்துத் தோப்போரத்திலோ ஒரு செடியைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது கீரைதானே?" என்று படம் அனுப்புகிறவர்கள் நிறைய. வருகிற கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான், அதனால் பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, தாவரவியல் படித்தவளும் இல்லை. தோட்டத்து லயத்தில் பாட்டிமார்களோடு மடியில் கீரை கிள்ளிப் பழகியவள், பிறகு அதைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தவள், அவ்வளவுதான்.

முதலில் எந்தச் செடியைக் கற்றுக்கொள்வது?

வல்லாரை. மலாய்க்காரர்களின் பெகாகா. காட்டில் தேடுவதற்கு முன் பாசாரில் வேரோடு ஒரு கட்டு வாங்கி வந்து மேசையில் பரப்பிப் பாருங்கள். தரையோடு ஓடுகிற மெல்லிய கொடி. அதில் இடைவெளி விட்டுக் கணுக்கள். ஒவ்வொரு கணுவிலிருந்தும் கீழே ஒரு கொத்து வேர், மேலே நீளக் காம்போடு இலைகள். இலை சிறுநீரக வடிவில் இருக்கும், ஓரம் முழுக்க மழுங்கிய பற்கள். காம்பு வந்து சேரும் இடத்தில் இலை பிளந்து திறந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் முக்கியம். மீன் தொட்டியிலும் அலங்காரக் குளத்திலும் வளர்க்கிற இன்னொரு வட்ட இலைச் செடி உண்டு. அதில் பிளவே இருக்காது. குடைக்குக் கம்பி மாதிரி, காம்பு இலையின் நடுவில் போய் ஒட்டியிருக்கும். அது விஷமில்லை, ஆனால் நீங்கள் தேடியது அது இல்லை.

வல்லாரை கைவந்த பிறகு முள்ளுக்கீரை, பொன்னாங்கண்ணி, பருப்புக்கீரை. முள்ளுக்கீரையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு முள் இருக்கும், விரலே சொல்லிவிடும். பொன்னாங்கண்ணியில் இலைகள் எதிரெதிராக வரும். இலைக்கக்கத்தில் வெள்ளைப் பூக்கள் காம்பில்லாமல் உருண்டையாக ஒட்டியிருக்கும். பருப்புக்கீரைக்கு வழவழப்பான தடித்த இலை, சாறு நிறைந்த சிவந்த தண்டு, மஞ்சள் பூ. தரையோடு படர்கிற சில பால்செடிகளும் தூரத்துப் பார்வைக்கு அதே மாதிரி தெரியும். தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

இந்த நான்கும் தெரிந்தால் ஒரு குடும்பத்துக்கு வருஷம் முழுக்கப் போதும். ஐம்பது செடியைப் பெயர் சொல்லத் தெரிந்தவர்களைவிட, நான்கைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லக்கூடியவர்களை நான் அதிகம் நம்புவேன்.

செடி சரியானதுதான் என்று உறுதியாகத் தெரியும். அப்புறம் என்ன, பறிக்கலாம்தானே?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். எல்லோரும் விஷச்செடிக்குப் பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிட விஷமான இடத்தைப் பார்த்தால்தான் பயம். லோங்காங் (சாக்கடை) ஓரத்தில் தளதளவென்று நிற்கிற வல்லாரை அசல் வல்லாரையாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் செடி மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற ஈயம், துத்தநாகம், செம்பு போன்றவற்றை உறிஞ்சிச் சேர்த்துவைத்துக்கொள்ளும் வகை. மாசுபட்ட மண்ணை அளப்பதற்கே அதைப் பயன்படுத்தலாமா என்று இந்த நாட்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கழுவினாலும் வேகவைத்தாலும் உலோகம் இலையை விட்டு முழுசாகப் போகாது.

பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் தொழிற்சாலைகளை ஒட்டிய காலி நிலம், பட்டறைக்குப் பின்னால் எண்ணெய் படிந்த மண், நெடுஞ்சாலை ஓரம், ரயில் பாதை, பழைய குப்பைமேடு, கட்டடம் இடித்த மனை: இவற்றில் எது முளைத்தாலும் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். வெள்ளம் வந்து வடிந்த இடத்தையும் கொஞ்ச காலத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஈரமான இடத்தில் இன்னொரு தொல்லை எலி. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நின்றால், காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகக்கூட லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் தொற்றலாம். நம் ஆட்கள் அதை 'கெஞ்சிங் திக்குஸ்' என்றே சொல்வார்கள். கீரைக்குப் போகும்போது ரப்பர் பூட்ஸ் போடுங்கள், கையில் காயமிருந்தால் உறை போடுங்கள். பாட்டி வெறுங்காலோடு போனாள் என்பது உண்மைதான். பாட்டிக்கு முழங்கால் வரை சேற்றுப்புண் இருந்ததும் உண்மைதான்.

அப்படியானால் நல்ல இடம் எது? உங்களுக்கே தெரிந்தவருடைய நிலம். பின்கட்டில் தேங்காய், வாழை வைத்திருக்கும் கம்போங் (கிராமத்து) வீடு, மருந்தடிக்காத பழத்தோட்டம், உங்கள் சொந்த வேலியோரம். சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறிப்பதில் மரியாதையும் இருக்கிறது, அந்த மண்ணின் கதையும் தெரிந்துவிடுகிறது.

களைக்கொல்லி மருந்தடித்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பு சுலபமாக இருந்தது. செம்பனைத் தோட்டத்தில் பராகுவாட் அடித்தால் ஓரிரு நாளில் புல்லெல்லாம் கருகிவிடும், குழந்தைக்குக்கூடத் தெரியும். முகமூடி, கையுறை இல்லாமல் முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து அதை அடித்தவர்களில் நம் பெண்கள் எத்தனையோ பேர். நகம் கெட்டு, மூக்கில் ரத்தம் வந்து அவர்கள் பட்ட பாட்டைத் தோட்டத்தில் வளர்ந்த யாரும் மறக்க மாட்டார்கள். 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பராகுவாட் முழுமையாகத் தடை.

இப்போது அதிகம் புழங்குவது கிளைபோசேட். அது செடிக்குள் போய் மெதுவாக வேலை செய்கிற மருந்து. செடி மஞ்சளாகிச் சாய்வதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். நேற்று அடித்த முள்ளுக்கீரை இன்று காலை பச்சையாக, பனித்துளியோடு நிற்கும். ஆகவே கீரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். வேலிக்கம்பியைச் சுற்றியும் மரத்தடியைச் சுற்றியும் மட்டும் வட்டமாகப் புல் செத்திருக்கிறதா? சாலையோரத்தில் ஒரே அகலத்துக்குக் காவி நிறப் பட்டை ஓடுகிறதா? காலி மருந்துப் போத்தல் கிடக்கிறதா? அங்கே யாரோ வழக்கமாக அடிக்கிறார்கள். புல்வெட்டி இயந்திரத்தால் வெட்டுகிற இடமானால் புல்லின் நுனி வெட்டுப்பட்டு, அடி பச்சையாக இருக்கும். சந்தேகம் வந்தால் அங்கே வேலை செய்யும் அண்ணனிடமே கேளுங்கள், ஒளிக்காமல் சொல்லிவிடுவார்.

கொடிமலையில், தண்ணீர்மலைப் பூங்காவில் பறிக்கலாமா?

கூடாது. தண்ணீர்மலையில் 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் எதைப் பறிக்கவும் அனுமதியில்லை. ஒதுக்கப்பட்ட காடுகளில் உரிமம் இல்லாமல் வன விளைபொருள் எடுப்பதை 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் தடுக்கிறது. கொடிமலைப் பகுதியை யுனெஸ்கோ 2021-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவே சேர்த்துவிட்டது. தெலுக் பஹாங்கில் இருக்கும் தேசியப் பூங்காவும் அப்படித்தான், எடுத்துவர முடியாது. ஆனால் பார்த்துப் படிக்க இவற்றைவிட நல்ல இடம் கிடையாது. தாவரவியல் பூங்காவில் மரங்களுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, தெலுக் பஹாங் வாசனைப்பொருள் தோட்டத்திலும் உண்டு. கண்ணை அங்கே பழக்குங்கள், கையை வேறு இடத்தில் வையுங்கள்.

குரங்கு சாப்பிடுகிறதே, நாம் சாப்பிட்டால் என்ன?

தாவரவியல் பூங்காவுக்குப் போய்வந்த யாரோ ஒருவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு மரத்தில் உட்கார்ந்து இலை மெல்லுகிறதே லோத்தோங் குரங்கு, அதற்குப் பல அறைகள் கொண்ட வயிறு. இலையை அங்கே நொதிக்கவைத்து, நமக்கு ஒத்துக்கொள்ளாத பலவற்றை அது சமாளித்துவிடும். நமக்கு இருப்பது ஒற்றை வயிறு. பறவைக்கும் இதே பதில்தான். நாக்கில் கொஞ்சம் வைத்துப் பார்த்துச் சோதிக்கிற பழக்கமும் வேண்டாம். விஷமுள்ள குன்றிமணியை மென்று பார்த்துச் சோதிக்க முடியாது.

கைப்பேசிச் செயலி சொன்னால் நம்பலாமா?

தேடலைத் தொடங்க உதவும். சாப்பிடுவதற்கான அனுமதிச் சீட்டு இல்லை. இலையை மட்டும் படமெடுத்தால் அது ஐந்து பெயர் சொல்லும், அதில் ஒன்று கீரையாகவும் மற்றொன்று பேதிமருந்தாகவும் இருக்கும். பூ, காய், தண்டு, கணு, இலையின் அடிப்புறம் எல்லாவற்றையும் நேரில் பார்த்து, அந்தச் செடியைச் சாப்பிட்டுப் பழகிய மனிதர் ஒருவரிடமும் காட்டுங்கள். பாலிக் பூலாவ் காலைச் சந்தையில் உலாம் (பச்சையாகச் சாப்பிடும் கீரை) விற்கிற மக்சிக்குகளுக்கு, அதாவது மலாய் அம்மாமார்களுக்கு, தெரிந்ததில் பாதிகூட எந்தச் செயலிக்கும் தெரியாது. ஒரு கட்டு வாங்கினால் கதையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

கட்டாயம் அடையாளம் தெரிந்திருக்க வேண்டிய விஷச்செடிகள் எவை?

கீரைக்கு முன் இவற்றைக் கற்றுக்கொண்டாலும் தப்பில்லை.

அரளி, குறிப்பாகக் கோயில் பக்கத்திலும் வேலியிலும் நிற்கும் மஞ்சள் அரளி: எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும், விதை ரொம்ப மோசம். அதே குணமுள்ள இன்னொரு மரம் பொங்-பொங். இங்கே நிழலுக்காகச் சாலையோரம் வரிசையாக நட்டிருக்கிறார்கள். வெள்ளைப் பூ, காய் பச்சையாகக் குட்டி மாங்காய் போலவே தொங்கும். குழந்தைகளுக்கு முதலில் காட்ட வேண்டிய மரம் இது. குன்றிமணி, ஊமத்தை நம் ஆட்களுக்குத் தெரியும், ஆனால் இளம் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

காட்டுச் சேம்பைப் பறிக்காதீர்கள். ஊசி போன்ற படிகங்கள் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி வீங்கவைக்கும். காடோங் என்ற காட்டுக்கிழங்கும் ஆபத்தானது. பூர்வகுடி மக்களும் கிராமத்து மலாய்க்காரர்களும் அதை மெல்லியதாகச் சீவி, நாள்கணக்கில் ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு விஷத்தை எடுத்த பிறகே சாப்பிடுவார்கள். இணையத்தில் காணொளி பார்த்துச் செய்கிற வேலை அது இல்லை. மரவள்ளி இலையை நம் வீடுகளில் சமைக்கிறோம், ஜப்பான்காரன் காலத்தில் கிழங்கும் இலையும்தான் பலரைக் காப்பாற்றின. ஆனால் அதில் சயனைடு உண்டு. நறுக்கியோ இடித்தோ, மூடாமல் நன்றாகக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும்.

மழைக்குப் பிறகு காளான் முளைக்கிறதே?

வேண்டாம். புற்றுக்காளானின் ருசி எனக்கும் தெரியும், தோட்டத்தில் அதற்காக விடியற்காலையில் போட்டி போட்டுக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் குடியிருப்புத் தாமான் புல்தரையிலும் பந்து விளையாடும் திடலிலும் முளைக்கிற பெரிய வெள்ளைக் குடைக்காளான் வேறு சாதி. தொப்பியின் மேல் பழுப்புச் செதில், தண்டில் வளையம், முற்றினால் அடிமடிப்பு பச்சையாகும். இளசாக இருக்கும்போது அந்தப் பச்சையும் தெரியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆளை உலுக்கிவிடும். காளானில் வெள்ளிக்கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா என்ற சோதனைகளெல்லாம் பொய். காளான் ஆசை வந்தால் பாசாரில் வாங்குங்கள்.

பூச்சுக் பாக்கு?

ஓடையோரத்தில் சுருண்டு நிற்கும் அந்தப் பெரணிக் கொழுந்து நல்ல உணவுதான், வேகவைத்து மட்டும். ஆனால் மலைச்சரிவில், வெயில் படுகிற வறண்ட இடத்தில் வளர்கிற வேறொரு பெரணியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருக்கிறது. இரண்டும் இளசில் சுருண்டுதான் இருக்கும். சந்தையில் ஒரு கட்டு சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்போது எதற்கு இந்த வம்பு?

உலாம் மாதிரி பச்சையாகச் சாப்பிடலாமா?

வீட்டுத் தொட்டியில் வளர்த்ததை, ஒவ்வொரு இலையாகக் கழுவி, சாப்பிடலாம். வெளியில் பறித்ததை நான் பச்சையாகச் சாப்பிட மாட்டேன், யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன். காரணம் நத்தை. பெரிய ஆப்பிரிக்க நத்தையும் ஓடில்லாத நத்தையும் எலியின் நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடியவை. இலையின் அடியில் ஒட்டியிருக்கும் நகத்தளவு குட்டி நத்தையை நீங்கள் தெரியாமல் மென்றால் அந்தப் புழு மூளையுறை வரை போய் அழற்சி உண்டாக்கலாம். உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று நம்ப முடியாது. ஓடும் தண்ணீரில் இலையின் இரு பக்கமும் தேய்த்துக் கழுவி, நன்றாகக் கொதிக்கவிட்டால் கவலை இல்லை.

கீரை தானே, நீரிழிவுக்கும் ரத்தக்கொதிப்புக்கும் நல்லதுதானே? எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

கறியாகச் சாப்பிட்டால் நல்லது. மருந்தாக நினைத்து அரைத்துக் குடிக்க ஆரம்பித்தால்தான் பிரச்சினை தொடங்குகிறது.

புளிச்சக்காய் மரம் பினாங்கில் எத்தனையோ வீட்டில் உண்டு, மலாயில் பெலிம்பிங் பூலோ. மீன் குழம்பில் இரண்டு மூன்று காய் போட்டால் அருமை. கொழுப்பு குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காய்களைப் பிழிந்து சாறாகக் குடித்தவர்களுக்கு அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு படிந்து சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பருப்புக்கீரை, முள்ளுக்கீரையிலும் ஆக்சலேட் உண்டு. கொதிக்கவைத்துத் தண்ணீரை வடித்தால் கணிசமாகக் குறையும். சிறுநீரகக் கல் வந்தவர்களும், சிறுநீரகம் பலவீனமானவர்களும், டயாலிசிஸ் செய்பவர்களும் கீரை விஷயத்தை மருத்துவமனை உணவியலாளரிடம் கேட்காமல் தொடக் கூடாது, பொட்டாசியமும் கணக்கில் வரும். ஜெரிங் கொட்டையை அளவில்லாமல் சாப்பிட்டு, சிறுநீரில் ரத்தம் வந்து வார்டில் படுத்தவர்களும் இந்த ஊரில் உண்டு.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று தினமும் ஒரு கட்டுக் கீரை என்று மாறினால் மருந்தின் வேகம் குறைந்துபோகும். கீரையை விட வேண்டியதில்லை, வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். அப்புறம் குப்பைமேனி. சளிக்கு என்று சாறு பிழிந்து குழந்தைக்குப் புகட்டுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிட்ட நிகழ்வுகள் இலங்கையில் பதிவாகியிருக்கின்றன. இங்கே குழந்தை பிறந்தவுடனே தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதித்துவிடுகிறார்கள், கிளினிக் புத்தகத்தைப் புரட்டினால் முடிவு இருக்கும். பார்க்காமல் எந்தச் சாறும் வேண்டாம்.

அப்படியானால் இவ்வளவு சிரமப்பட்டு ஏன் பறிக்க வேண்டும்? பாசாரிலேயே வாங்கலாமே?

தாராளமாக வாங்கலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 95 விழுக்காட்டினர் போதுமான காய்கனி சாப்பிடவில்லை. அப்போது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' (கால், கால், பாதி) என்று தட்டில் பாதியைக் காய்கனிக்கு ஒதுக்கச் சொல்கிறது. நம் தட்டில் பாதி, சொல்ல வேண்டுமா, சோறு. அதில் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் கீரையை வைப்பதுதான் காரியம். அது வேலியில் முளைத்ததா, சந்தையில் வாங்கியதா என்பது இரண்டாம்பட்சம். தானாக முளைப்பதில் செலவில்லை, வகை கூடுகிறது, நடையும் சேர்கிறது. எனக்கு இதிலுள்ள சந்தோஷத்துக்காகவே பறிக்கிறேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

எப்படிச் சமைப்பது?

முள்ளுக்கீரையின் கொழுந்தை மட்டும் கிள்ளி, கொதிநீரில் போட்டு வடித்து, நெத்திலி, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாயோடு பிரட்டுங்கள். பொன்னாங்கண்ணிக்குப் பாசிப்பருப்புக் கூட்டு. வல்லாரையைக் கொஞ்சம் வதக்கி, தேங்காய், புளி, பச்சை மிளகாய் வைத்து அரைத்தால் துவையல். கசப்பு கூடினால் தேங்காயைக் கூட்டுங்கள். இறக்கிய பிறகு லீமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை ஒன்றைப் பிழிந்துவிட்டால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். எந்தக் கீரையானாலும் முதல் தடவை ஒரே வகை, இரண்டு வாய், அவ்வளவுதான். பல கீரையைக் கலந்து சமைத்துவிட்டு வயிறு கெட்டால் எது கெடுத்தது என்று தெரியாது.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போங்கள். செரி பழத்திலிருந்து தொடங்குங்கள், கம்போங் வீட்டு வாசலிலெல்லாம் நிற்கிற அந்தச் சிவப்புக் குட்டிப் பழம். செண்டுடோக் பழத்தைத் தின்றால் நாக்கு ஊதா நிறமாகும், அதற்கே பிள்ளைகள் மயங்கிவிடுவார்கள். ஒரே சட்டம்: பெரியவர் பார்த்துத் தலையாட்டும் வரை வாயில் போகக் கூடாது. உண்ணிச்செடியின் பச்சைக் காயும், வலைபோன்ற உறைக்குள் இருக்கும் சிறுபூனைக்காலியின் பழுக்காத காயும் ஆபத்து என்பதை அந்த இடத்திலேயே காட்டிவிடுங்கள்.

சாப்பிட்ட பிறகு ஏதோ சரியில்லை. என்ன செய்வது?

மூச்சு முட்டினாலோ, மயக்கம் வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ உடனே 999. அந்த அளவுக்கு இல்லை, ஆனால் சந்தேகமாக இருக்கிறது என்றால் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 எண்ணில் அழையுங்கள். அது நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே பதில் கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் நேராக மருத்துவமனை. விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள். இளநீர், மோர், எண்ணெய் என்று எதையும் ஊற்றி 'முறிக்க'ப் பார்க்காதீர்கள். மீதமிருக்கும் செடியை, முடிந்தால் பூ, காயோடு, காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். சமைத்த மிச்சத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பிட்டார்கள், கூட வேறு யார் சாப்பிட்டார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு நேரம் மிச்சம். கூடச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையென்றாலும் அவர்களையும் சேர்த்தே அழைத்துப் போங்கள்.